தூண் கம்பி நீளம் தவறினால்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி?

தூண் கம்பி நீளத்தில் வந்த பிழை வெட்டும் இடத்தில் கண்ணில் படாது. கம்பியை நிறுத்திக் கட்டும்போதோ, அடுத்த தளத்துக்கு லேப் (கீழ்க் கம்பியோடு மேல்க் கம்பியை ஒட்டிச் சேர்க்கும் நீளம்) போடும்போதோதான் தெரியவரும். அதற்குள் கீழே கான்கிரீட் இறுகியிருக்கும். அந்த நேரத்தில் "எங்கேயோ தப்பு" என்று மொத்தக் கணக்கையும் புரட்டுவது வீண் வேலை. எவ்வளவு குறைகிறது, எவ்வளவு கூடுகிறது, எல்லாத் தூண்களிலும் அப்படியா, சிலவற்றில் மட்டுமா என்று முதலில் டேப்பை வைத்து அளந்து எழுதுங்கள். பெரும்பாலும் அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும்.

விளக்கம் முழுவதற்கும் ஒரே தூணை எடுத்துக்கொள்வோம். அளவு 300 × 450 மி.மீ., எட்டு 16 மி.மீ. கம்பிகள், 8 மி.மீ. ரிங் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்), கவர் (கம்பிக் கூண்டை வெளியே மூடும் கான்கிரீட்டின் கனம்) 40 மி.மீ. கான்கிரீட் தரம் எம் 25, கம்பித் தரம் எஃப்.இ. 500. பிளிந்த் பீமின் (தரைமட்டத்தை ஒட்டி வரும் பீம்) மேல்மட்டம் ±0.000. அதற்கு மேல் நான்கு தளங்கள், ஸ்லாப் மேல்மட்டத்திலிருந்து அடுத்த ஸ்லாப் மேல்மட்டம் வரை 3.150 மீ. பீம் ஆழம் 450 மி.மீ. ஃபுட்டிங் (தூணின் அடித்தளம்) கனம் 450 மி.மீ.; அதன் கீழ் பி.சி.சி. (கம்பி இல்லாத அடிக் கான்கிரீட்) மேல்மட்டம் –1.800. எண்கள் ஐ.எஸ். 456:2000 (கான்கிரீட் விதி), ஐ.எஸ். 13920:2016 (நிலநடுக்க விதி) ஆகியவற்றின்படி. உங்கள் வரைபடம் வேறு சொன்னால் வரைபடமே முடிவு.

கணக்குப் போடும் முறையில் நான் விடாப்பிடியாக இருப்பது ஒன்றில்தான். தள உயரம், லேப், ஃபுட்டிங் கனம் என்று துண்டு துண்டாகக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு கம்பிக்கும் அடிமுனை மட்டம், மேல்முனை மட்டம் இரண்டையும் எழுதி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். கூட்டல் முறையில் ஏதோ ஒன்று விட்டுப்போகும், அல்லது இரண்டு முறை சேரும். மட்டம் எழுதினால் அதற்கு வழியே இல்லை.

அறிகுறி: லேப்புக்காக மேலே நீட்டிய கம்பி குட்டையாக இருக்கிறது

முதலில் சரியான நீளம் எவ்வளவு என்று பார்ப்போம். ஃபுட்டிங்கின் அடிக் கவர் 50 மி.மீ. அதன்மேல் இரண்டு திசையிலும் 12 மி.மீ. பாய்க் கம்பி, ஆக 24. தூண் கம்பியின் கால் (அடியில் மடக்கிய பகுதி) பாயின்மேல் உட்காரும். எனவே அடிமுனை மட்டம் –1.800 + 0.074 = –1.726.

அடுத்தது லேப். எம் 25-க்குப் பிணைப்புத் தகைவு (கான்கிரீட் கம்பியைப் பற்றும் வலு, ச.மி.மீ.க்கு நியூட்டனில்) 1.4, வரிக் கம்பி என்பதால் 60 சதவீதம் கூட்டி 2.24. கம்பியின் தகைவு 0.87 × 500 = 435. 435-ஐ 4 × 2.24 ஆல் வகுத்தால் 48.5, அதாவது விட்டத்தைப்போல் 49 மடங்கு. 16 மி.மீ. கம்பிக்கு 784, சைட்டில் 800 என்று வைத்துக்கொள்ளலாம்.

லேப் எங்கே வரவேண்டும்? நிலநடுக்க விதிப்படி தூணின் தெளிவு உயரத்தில் (தளத்திலிருந்து மேல் பீமின் அடி வரை) நடுப்பாதியில் மட்டும். தெளிவு உயரம் 3.150 – 0.450 = 2.700. நடுப்பாதி 0.675-இல் தொடங்கி 2.025-இல் முடியும். லேப்பை 0.675-இல் தொடங்கினால் 1.475-இல் முடிகிறது. எனவே கீழ்க் கம்பியின் மேல்முனை +1.475. செங்குத்து நீளம் 1.475 + 1.726 = 3.201 மீ.

இப்போது சைட்டில் அளந்த குறையை இவற்றோடு ஒப்பிடுங்கள்.

சுமார் 800 குறைகிறது என்றால் லேப்பையே சேர்க்கவில்லை. 450 குறைகிறது என்றால் தள உயரத்துக்குப் பதில் தெளிவு உயரத்தை எடுத்திருக்கிறார்கள். பீம் ஆழம் காணாமல் போயிருக்கிறது. மேல்தளங்களில் அடிக்கடி வருவது இதுதான். 180 குறைந்தால் அழுத்தத்துக்கான நீளத்தைப் போட்டிருக்கிறார்கள். அழுத்தத்தில் பிணைப்பு 25 சதவீதம் கூடுதலாகக் கிடைப்பதால் 39 மடங்கு போதும், அது 620 மி.மீ. தூண் என்றாலே அழுத்தம்தான் என்று எண்ணி இதை எடுப்பவர்கள் நிறைய. நிலநடுக்கத்தில் தூண் வளையும், ஒரு பக்கக் கம்பி இழுபடும். அதனால்தான் அங்கே இழுவை நீளம் கேட்கிறார்கள்.

குறை 110 மி.மீ. அளவில் இருந்தால் கான்கிரீட் தரத்தைப் பாருங்கள். எம் 20-க்கு 57 மடங்கு, அதாவது 912 மி.மீ. தேவை. எம் 25 வேலைக்குப் போட்ட பட்டியலை எம் 20 வேலைக்கு அப்படியே எடுத்திருப்பார்கள். 50 மி.மீ. அளவில் என்றால் தரைப்பூச்சு மட்டத்தையும் ஸ்லாப் மட்டத்தையும் குழப்பியிருக்கிறார்கள். எல்லாத் தளத்திலும் ஒரே பூச்சுக் கனம் என்றால் நடுத்தளங்களில் இந்தப் பிழை தானாக அடிபட்டுவிடும். அடித் துண்டிலும் உச்சித் துண்டிலும் மட்டும் தலைகாட்டும்.

குறை சில தூண்களில் மட்டும், அதுவும் தூணுக்குத் தூண் மாறி மாறி இருக்கிறதா? அப்படியானால் கணக்கைத் திட்டாதீர்கள். குழி கூடுதலாகத் தோண்டப்பட்டு, பி.சி.சி. வரைபட மட்டத்துக்குக் கீழே போயிருக்கிறது. கம்பி வெட்டும் முன் ஒவ்வொரு குழியின் பி.சி.சி. மட்டத்தையும் லெவல் கருவியால் எடுத்துப் பட்டியலில் எழுதிவிட்டால் இது வரவே வராது.

ஃபுட்டிங் கான்கிரீட் போட்டபின் கம்பி 100 மி.மீ. குட்டை என்று தெரிந்தால் என்ன செய்வது? மேல்க் கம்பியை 100 மி.மீ. கீழே இறக்கி நிறுத்தினால் லேப் முழு 800 கிடைக்கும். ஆனால் அது 0.575-இல் தொடங்கும், நடுப்பாதிக்கு வெளியே போகும். மேல்க் கம்பியும் 100 மி.மீ. நீளமாக வெட்டவேண்டும். வடிவமைப்புப் பொறியாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் செய்யுங்கள். இல்லையென்றால் கப்ளர் (இரு கம்பியை முனைக்கு முனை இணைக்கும் உலோகக் குழல்). யாரையும் கேட்காமல் வெல்டிங் வைத்து நீட்டுவது கூடவே கூடாது. சூடு பட்ட இடத்தில் கம்பியின் குணம் மாறுகிறது.

அறிகுறி: எல்லா லேப்பும் ஒரே மட்டத்தில் வந்து நிற்கிறது

எட்டுக் கம்பியும் ஒரே நீளத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். ஒரு வெட்டில் பாதிக்கு மேல் லேப் கூடாது என்பது விதி. ஆக நான்கு குட்டை, நான்கு நெட்டை வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நெட்டைக் கம்பி எவ்வளவு நெட்டை? இரண்டு லேப்களின் மையங்களுக்கு இடையே லேப் நீளத்தின் 1.3 மடங்கு இருந்தால்தான் அவை தள்ளிப்போட்டதாகக் கணக்கு. 1.3 × 800 = 1040. முதல் லேப் 0.675-இல் தொடங்கினால் இரண்டாவது 1.715-இல் தொடங்கி 2.515-இல் முடியும். நடுப்பாதியோ 2.025-இல் முடிந்துவிட்டது. நடுப்பாதியின் மொத்த நீளமே 1.350 மீ. தான், இரண்டு லேப்பும் ஒரே தளத்துக்குள் அடங்காது. வரைபடத்தில் "50% ஸ்டாகர்" (பாதி லேப்பைத் தள்ளிப்போடு) என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவது எளிது. இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்தால்தான் இடம் இல்லை என்பது புரியும்.

தீர்வு, தளம் விட்டுத் தளம் லேப் போடுவது. நான்கு கம்பிகளை 'அ' என்றும் மற்ற நான்கை 'ஆ' என்றும் பிரியுங்கள். 'அ' கம்பிகளுக்கு முதல், மூன்றாம் தளங்களில் லேப். 'ஆ' கம்பிகளுக்கு இரண்டாம், நான்காம் தளங்களில். அப்போது மட்டங்கள் இப்படி வரும்:

'அ' முதல் துண்டு: –1.726 முதல் +1.475 வரை, 3.201 மீ.
'அ' இரண்டாம் துண்டு: +0.675 முதல் +7.775 வரை, 7.100 மீ.
'ஆ' முதல் துண்டு: –1.726 முதல் +4.625 வரை, 6.351 மீ.
'ஆ' இரண்டாம் துண்டு: +3.825 முதல் +10.925 வரை, 7.100 மீ.

நடுத்துண்டு இரண்டும் 7.100 என்று ஒன்றாக வருவதைக் கவனியுங்கள். இரண்டு தள உயரம் 6.300, ஒரு லேப் 0.800. லேப்பை எந்த உயரத்தில் தொடங்கினாலும், எல்லாத் தளத்திலும் அதே உயரத்தில் தொடங்கினால், நடுத்துண்டின் நீளம் மாறாது. உங்கள் பட்டியலில் நடுத்துண்டுகள் தளத்துக்குத் தளம் வேறுபட்டால், தள உயரம் மாறியிருக்கவேண்டும், அல்லது கணக்கு தவறியிருக்கவேண்டும்.

ஆறு, ஏழு மீட்டர் கம்பியை நட்டு நிறுத்தும்போது முட்டுக்கொடுக்கும் சாரம் உறுதியாக இருக்கவேண்டும். காற்றில் ஆடும் கம்பி, புதிதாகப் போட்ட ஃபுட்டிங் கான்கிரீட்டில் தன்னைச் சுற்றிக் குழி பறித்துவிடும். அது முடியாத இடத்தில் கப்ளர் போடுவதே நல்லது என்பது என் கருத்து. 'நெட்டைக் கம்பி தொல்லை' என்று எட்டையும் ஒரே மட்டத்தில் வெட்டிவிடுவது மட்டும் வேண்டாம்.

அறிகுறி: கம்பி 32 மி.மீ. அல்லது 74 மி.மீ. கூடுதலாக நிற்கிறது

32 என்றால் வளைவுக் கழிவு விட்டுப்போயிருக்கிறது. காலை 300 மி.மீ. மடக்குகிறோம். 90 பாகை வளைவுக்கு இரண்டு விட்டம் கழிக்கவேண்டும், 2 × 16 = 32. எனவே 'அ' முதல் துண்டின் வெட்டு நீளம் 3.201 + 0.300 – 0.032 = 3.469 மீ. 'ஆ' முதல் துண்டு 6.619 மீ.

74 என்றால் பி.சி.சி. மட்டத்திலிருந்தே நீளத்தை எடுத்திருக்கிறார்கள்; கவரும் பாயும் கழியவில்லை. ஆனால் 74 கூடுதலாக இருக்கவேண்டிய கம்பி சரியாக நிற்கிறது என்றால் நிம்மதி அடையாதீர்கள், பாயைத் தூக்கிப் பாருங்கள். கவர் பிளாக் வைக்காமல் கால் நேராகப் பி.சி.சி.மேல் உட்கார்ந்திருக்கும்.

காலின் 300 மி.மீ. கண்மதிப்பு அல்ல. ஃபுட்டிங்குக்குள் செங்குத்தாகக் கிடைப்பது 450 – 74 = 376 மி.மீ. அழுத்தத்தில் தேவை 621. மீதி 245-ஐக் கால் தரவேண்டும்.

அறிகுறி: லேப் அளந்தால் 800, ஒட்டியிருப்பது 650

இது கிராங்க் செய்த இடத்தின் கோளாறு. கீழ்க் கம்பியின் தலையை உள்ளே தள்ளி மடக்கும்போது சரிவு 6-க்கு 1-ஐத் தாண்டக்கூடாது. 25 மி.மீ. தள்ள 150 மி.மீ. உயரம் வேண்டும். இந்த 150-ஐ லேப்புக்குள் செய்துவிட்டால், அந்தப் பகுதியில் இரு கம்பியும் ஒட்டாமல் பிரிந்து நிற்கும். கிராங்க் முடிந்த இடத்தில்தான் லேப் தொடங்கவேண்டும். நீளக் கணக்கில் கிராங்க்குக்குத் தனியாகச் சேர்க்கவேண்டியது 2 மி.மீ. தான், அதை விட்டுவிடலாம். இடத்தை மட்டும் விடாதீர்கள். மேல்த் தூண் சிறுத்து, முகம் 75 மி.மீ.க்கு மேல் உள்ளே போகிறது என்றால் கிராங்க் வேண்டாம், தனி டவல் கம்பி (கீழ்த் தூணையும் மேல்த் தூணையும் இணைக்கும் துண்டுக் கம்பி) போடுங்கள்.

அறிகுறி: ரிங் கொக்கியின் வால் கட்டைவிரல் அளவுக்குத்தான் இருக்கிறது

இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். பரவலாகப் புழங்கும் சூத்திரமே இந்தக் குறையைக் கொண்டுவருகிறது.

நம் ரிங்கின் வெளி அளவு 220 × 370. சுற்றளவு 1180. பழக்கமான சூத்திரம் என்ன சொல்கிறது? இரண்டு கொக்கிக்கு 10 விட்டம் வீதம் 160 கூட்டு. மூன்று 90 பாகை வளைவுக்கு 2 விட்டம் வீதம் 48 கழி. இரண்டு 135 பாகை வளைவுக்கு 3 விட்டம் வீதம் 48 கழி. விடை 1244 மி.மீ.

இந்த நீளத்தில் வெட்டி வளைத்துப் பாருங்கள். உள் ஆரம் 2 விட்டமாக வளைத்தால், 135 பாகை வளைவின் நடுக்கோட்டு நீளம் 5.9 விட்டம். அதில் 3 விட்டம் பக்கத்தின் வெளி அளவுக்குள் ஏற்கெனவே எண்ணப்பட்டிருக்கிறது. மீதி 2.9 விட்டம், அதாவது 23 மி.மீ., மூலைக்கு அப்பால் வளைவே தின்னும் நீளம். சூத்திரம் ஒரு கொக்கிக்கு விட்டது 10 – 3 = 7 விட்டம், 56 மி.மீ. இருபத்துமூன்று போனால் நேர் வால் 33 மி.மீ. தான். ஐ.எஸ். 13920 கேட்பது 6 விட்டம், அதுவும் 65 மி.மீ.க்குக் குறையாமல். பாதிதான் கிடைத்திருக்கிறது.

135 பாகைக்கும் சேர்த்துக் கழிப்பதுதான் இங்கே தவறு. சரியான கணக்கு: 1180 – 50 + 2 × (23 + 65) = 1306 மி.மீ. ஒரு ரிங்குக்கு 62 மி.மீ. கூடுதல். 10 மி.மீ. ரிங்குக்கு ஒரு கொக்கிக்கு 94, 12 மி.மீ. ரிங்குக்கு 107 சேருங்கள். 135 பாகைக்குத் தனியாக எதையும் கழிக்காதீர்கள். மொத்தமாக வெட்டும் முன் ஒரே ஒரு ரிங்கை வெட்டி, வளைத்து, வாலை அளந்துவிடுங்கள். வளைக்கும் ஊசியின் விட்டம் மாறினால் விடையும் சற்று மாறும்.

இந்த வால் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நிலநடுக்கத்தில் கவர் உதிர்ந்தபின் ரிங்கைத் திறக்காமல் பிடித்திருப்பது தூணின் உட்பகுதிக் கான்கிரீட்டுக்குள் ஊன்றிய அந்த 65 மி.மீ. தான்.

அறிகுறி: கூண்டு பெட்டிக்குள் நெருக்கிப் பிடிக்கிறது, 40 மி.மீ. கவர் பிளாக் நுழையவில்லை

கவரை முதன்மைக் கம்பிக்கு அளந்திருக்கிறார்கள். கவர் என்பது ரிங்கின் வெளிமுகத்துக்கு. தவறாக எடுத்தால் ரிங் 236 × 386 ஆகிவிடும். ஒவ்வொரு பக்கமும் 32 மி.மீ. கவர்தான் மிஞ்சும். வெட்டு நீளத்தில் 64 மி.மீ. கூடியிருந்தால் இதுதான் காரணம்.

அறிகுறி: ரிங் எண்ணிக்கை பாதியிலேயே தீர்ந்துவிட்டது

3150-ஐ 150-ஆல் வகுத்து ஒன்று கூட்டி 22 என்று எழுதியிருப்பார்கள். தூணைப் பகுதி பகுதியாகப் பிரித்தால் வேறு விடை வரும். அடியிலும் தலையிலும் இறுக்கப் பகுதி (ரிங் நெருக்கமாக வரவேண்டிய நீளம்), கீழ்க்கண்டவற்றில் பெரியது: தூணின் பெரிய பக்கம் 450, தெளிவு உயரத்தின் ஆறில் ஒன்று 450, குறைந்தபட்சம் 450, நம் தூணுக்கு மூன்றும் ஒன்றே. அங்கே இடைவெளி சிறிய பக்கத்தில் கால்பங்கு 75, கம்பி விட்டத்தின் ஆறு மடங்கு 96, உச்சவரம்பு 100 ஆகியவற்றில் சிறியது, அதாவது 75. லேப் பகுதியில் 100. மற்ற இடத்தில் சிறிய பக்கத்தில் பாதி, 150-க்கு மிகாமல்.

அடி இறுக்கப் பகுதியில் 6 இடைவெளி, அடுத்த 225 மி.மீ.யில் 2, லேப்பில் 8, அடுத்த 775 மி.மீ.யில் 6, தலையில் 6. மொத்தம் 28 இடைவெளி, 29 ரிங். பீம் சந்திக்கும் 450 மி.மீ. ஆழத்துக்குள் இன்னும் 5. ஆக 34. நான்கு பக்கமும் பீம் வந்து அணைக்கும் சந்தியில் விதி கொஞ்சம் தளர்வு தருகிறது. மற்ற இடத்தில் சந்திக்குள் ரிங் இல்லாமல் விடக்கூடாது. பீம் கம்பி நுழைந்தபின் அங்கே ரிங் போட முடியாது என்பதால், முன்கூட்டியே தூணில் கோத்து மேலே தள்ளி வையுங்கள்.

370 மி.மீ. பக்கத்தின் நடுக் கம்பியைப் பிடிக்கும் குறுக்குக் கொக்கி தனிக் கணக்கு. ரிங்கையும் சேர்த்துப் பிடித்தால் வெளி அளவு 236, இரு கொக்கிக்கு 176, மொத்தம் 412 மி.மீ.

அறிகுறி: உச்சித் தளத்தில் கம்பி ஸ்லாப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது

கடைசித் துண்டையும் பழக்கத்தில் லேப் சேர்த்து வெட்டிவிட்டார்கள். அங்கே மேல்முனை மட்டம் லேப்பால் வருவதில்லை. ஸ்லாப் மேல்மட்டம் +12.600, 50 மி.மீ. கீழே நிறுத்தினால் +12.550. பீம் அடிமட்டம் +12.150. பீமுக்குள் செங்குத்தாக 400 கிடைக்கிறது, தேவை 784. மீதிக்கு 400 மி.மீ. உள்பக்கமாக மடக்கவேண்டும்.

'அ' கடைசித் துண்டு +6.975 முதல் +12.550 வரை 5.575, வெட்டு நீளம் 5.575 + 0.400 – 0.032 = 5.943 மீ. 'ஆ' கடைசித் துண்டு +10.125 முதல், 2.425, வெட்டு நீளம் 2.793 மீ. பின்னாளில் மேலே தளம் எடுக்கும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே பொறியாளரிடம் சொல்லிவிடுங்கள். மடக்கிய கம்பியைப் பிறகு நிமிர்த்துவது சரிவராது.

அறிகுறி: வட்டத் தூணின் சுருள் பாதியில் நின்றுவிட்டது

450 மி.மீ. வட்டத் தூண் என்றால் சுருளின் நடுக்கோட்டு விட்டம் 450 – 80 – 8 = 362, சுற்றளவு 1137. 75 மி.மீ. புரி (சுற்றுக்குச் சுற்று இடைவெளி) என்றால் ஒரு சுற்று 1140 மி.மீ. 2.700 மீட்டருக்கு 36 சுற்று, 41 மீ. இதோடு நின்றுவிட்டதுதான் பிழை. ஒவ்வொரு முனையிலும் ஒன்றரைச் சுற்று கூடுதல் வேண்டும். மொத்தம் சுமார் 44.4 மீ. 12 மீட்டர் கம்பியில் எடுத்தால் நான்கு கம்பி, மூன்று ஒட்டு. அந்த ஒட்டுகளின் நீளம் இதற்கு மேல்.

அறிகுறி: நீளம் எல்லாம் சரி, ஆனால் கம்பி போதவில்லை

எடைக் கணக்கைப் பார்க்காதீர்கள், வெட்டுப் பட்டியலைப் பாருங்கள். நம் தூணுக்கு ஒவ்வொரு வகையிலும் நான்கு வீதம் கூட்டினால் மொத்த நீளம் 132.1 மீ., அதாவது ஏறக்குறைய பதினொரு 12 மீட்டர் கம்பி. ஆனால் பதினொன்றில் யாராலும் வெட்ட முடியாது. 7.100 எட்டும் 6.619 நான்கும் ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொள்ளும், அதுவே 12. 5.943 இரண்டு இரண்டாக 2 கம்பியில் அடங்கும், மிச்சம் வெறும் 11 செ.மீ. 3.469 நான்கையும் 2.793 நான்கையும் புதுக் கம்பியில் வெட்டினால் இன்னும் 3, ஆக 17. அவற்றையே 7.100 வெட்டி மீந்த 4.900 மீட்டர் துண்டுகளில் எடுத்தால் மொத்தம் 14 போதும். ஒரு தூணுக்கு மூன்று முழுக் கம்பி, 16 மி.மீ.யில் மீட்டருக்கு 1.58 கிலோ வீதம் 57 கிலோ மிச்சம்.

இதில் ஒரு தடை உண்டு. 3.469 முதலில் நிறுத்தவேண்டிய துண்டு, 7.100 பிறகு வேண்டியது. முதல் நாளே 7.100-ஐயும் வெட்டி, தூண் எண்ணும் துண்டு எண்ணும் எழுதிய சீட்டைக் கட்டி, மண் படாமல் கட்டைமேல் அடுக்கி வைக்கவேண்டும். 6.619 வெட்டி மீந்த 5.381 மீட்டர் துண்டுகள் தூணில் எங்கும் வீணின்றிப் பொருந்தாது. பீமில் 16 மி.மீ. கூடுதல் கம்பி வரும் இடங்களுக்கு ஒதுக்கி, அந்தப் பீம் எண்ணையே சீட்டில் எழுதிவிடுங்கள்.